சுருள்பாசி அறிக்கை

பிப்ரவரி 3

நாத்தனாருக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு குப்பையில் போட்டுவிடாதே. போடுவதாக இருந்தால், உள்ளே இருக்கிற நான்கு பொட்டலங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைப் போடு. நான்கும் நான் ஸ்பைருலினா என்று விற்கிற அதே சுருள்பாசிதான். தொட்டிக்கு ஒரு பொட்டலம். எண் எழுதி ஒட்டியிருக்கிறேன். உன் ஆய்வகத்தில் மூன்றாம் எண்ணை முதலில் பார்.

உருண்டைக்கு உடம்பு சரியில்லை. நீ இன்னும் பார்க்காத உன் அண்ணன் மகளைத்தான் சொல்கிறேன். பிறந்தபோது இருந்த கன்னத்தைப் பார்த்து அவர் வைத்த பேர் அது. இப்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஏழரை மாதம் ஆகிறது. ஐந்தரை மாதத்தில் முதுகுக்குத் தலையணை கொடுத்தால் ராணி மாதிரி உட்காருவாள். வாயால் எச்சில் குமிழி விட்டு அதைப் பார்த்துத் தானே சிரிப்பாள். ஒரு மாதமாக உட்கார வைத்தால் பக்கவாட்டில் சரிகிறாள். மூன்று வாரமாகச் சிரிக்கவில்லை. கிலுகிலுப்பையைக் கண் முன்னால் ஆட்டினால் அதைத் தாண்டிச் சுவரைப் பார்க்கிறாள். விரல் முட்டியெல்லாம் அழுக்குப் படிந்த மாதிரி கறுத்திருக்கிறது, தேய்த்தால் போகவில்லை. குழந்தை ஓயாமல் அழுகிறதே என்று எரிச்சல்பட்ட காலம் போய், அழவே மாட்டேன் என்கிறதே என்று பயப்படுகிற காலம் வந்திருக்கிறது.

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் மழையில் மாடிக் கூரையின் பிளாஸ்டிக் கிழிந்து மூன்றாம் தொட்டிக்குள் மழைத் தண்ணீர் விழுந்தது. சோடா உப்பைக் கொட்டித் தண்ணீரின் காரத்தன்மையை மீட்டுவிட்டேன். ஆனால் தொட்டி ஓரத்தில் கறுப்பாக ஒரு ஏடு படிந்தது. மண் நாற்றம் அடித்தது. ஏட்டை வழித்தெறிந்துவிட்டேன். பாசியைக் கொட்ட மட்டும் மனசு வரவில்லை. வெளியே கொடுக்கக் கூடாது என்று அதைத் தனியாக எடுத்து வைத்து, நானே சாப்பிட்டேன். இரண்டு மாதம் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் இவள் இப்படி ஆனாள். நான் தின்ற விஷம் என் பாலில் இறங்கியிருக்குமா?

எட்டு மாதத்துக்கு முன்னால் நீ என் லேபிள் சுருளைக் கிழித்தாய். நான் நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். நம்பரையும் மாற்றிக்கொண்டேன். அந்தக் கணக்கை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உன்னைப் போனில் கூப்பிட நினைத்தேன். குரலைக் கேட்டால் கோபம் வரும், இல்லையென்றால் அழுகை வரும். இரண்டுக்கும் என்னிடம் தெம்பு இல்லை. உன் அண்ணன் கப்பலில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்தான் பேச முடியும். அவரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

சீக்கிரம் சொல். எதுவாக இருந்தாலும் சொல்.

அண்ணி

*

பிப்ரவரி 6

அண்ணிக்கு,

பொட்டலங்கள் நேற்று மதியம் வந்து சேர்ந்தன. பதிவேட்டில் "சொந்த மாதிரி" என்று எழுதி வரிசையில் முதலாவதாக வைத்திருக்கிறேன். சுருள்பாசித் தொட்டியில் வேறு பாசி ஏறினால் சில சமயம் ஈரலைக் கெடுக்கிற விஷம் உண்டாகும். உங்கள் பயம் வீண் பயம் இல்லை. நுண்ணோக்கியில் இன்றே பார்க்கிறேன். விஷச் சோதனைக்கு வேண்டிய தட்டுகள் தீர்ந்துவிட்டன, திங்கட்கிழமை வருகின்றன. செவ்வாய்க்கிழமை முடிவு சொல்லிவிடுவேன்.

அதுவரை நீங்கள் பாசியைத் தொடாதீர்கள். குழந்தைக்குப் பால் கொடுப்பதை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். எனக்கு இவை தெரிய வேண்டும்: நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு பாசி சாப்பிடுகிறீர்கள், எத்தனை மாதமாக, அதோடு வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், குழந்தைக்கு நேராகக் கொடுத்தீர்களா, டாக்டர் என்னென்ன சோதனை செய்தார். ஒன்று விடாமல் எழுதுங்கள். உங்கள் புது நம்பரையும் எழுதுங்கள். அண்ணனிடம் முன்பே கேட்டேன். "உங்க ரெண்டு பேர் சண்டையில நான் தலையிட மாட்டேம்மா, நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் அடி" என்று சொல்லிவிட்டான். கப்பலில் ஏறி நடுக்கடலுக்குப் போனவன் அதற்குத்தான் போனானோ என்னவோ.

கடிதத்தை "நாத்தனாருக்கு" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். அந்த வீட்டில் எனக்குக் கண்ணாடி என்று ஒரு பேர் இருந்தது. எட்டு மாதத்தில் அதுவும் போய்விட்டது போலிருக்கிறது. நானும் கோபக்காரிதான். என் கையெழுத்தை அச்சடித்துப் பாக்கெட்டில் ஒட்டுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் குழந்தையைப் பார்க்க வரவில்லையே என்பது தினமும் உறுத்துகிறது. அண்ணன் அனுப்பிய ஒரே ஒரு படம்தான் என்னிடம் இருக்கிறது. அதில் கொட்டாவி விடுகிறாள்.

பாசியைப் பற்றி வேறு ஒரு விஷயமும் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழந்தை தேறட்டும், பிறகு எழுதுகிறேன்.

கண்ணாடி

*

பிப்ரவரி 10

கண்ணாடி,

பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன், போதுமா. நீ கேட்ட வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

பாசி காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி. ஒன்றரை வருஷமாக. உருண்டைக்கு ஆறு மாதத்திலிருந்து மசித்த காயில் ஒரு சிட்டிகை. இப்போது மசித்த காயையும் துப்பிவிடுகிறாள்.

வேறு என்ன சாப்பிடுகிறேன் என்றால் சோறு, பருப்பு, கீரை, பழம். கறி, மீன், முட்டை எனக்குப் பிறந்ததிலிருந்தே ஆகாது, உனக்குத் தெரியும். மசக்கையில் பால் வாசனையே குமட்டியதால் ஐந்தாம் மாதத்திலிருந்து பாலையும் தயிரையும் விட்டுவிட்டேன். பிள்ளை பிறந்த பிறகும் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காகூட, "பச்சை உடம்புக்காரி, ரெண்டு வேளை பால் குடிம்மா" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "பால்ல இருக்கிறதெல்லாம் என் பாசியில இருக்குக்கா, எங்க நாத்தனாரே சோதிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கா" என்று உன் அறிக்கையை நீட்டி அவள் வாயை அடைத்தேன். சண்டையில் இருந்தபோதும் உன் பேரைத்தான் சொன்னேன், பார்த்துக்கொள்.

போன மாதத்திலிருந்து என் பாதம் அடிக்கடி மரத்துப் போகிறது. தொட்டித் தண்ணீரில் நின்று நின்று இருக்கும். அதை விடு.

குழந்தை டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகப் பார்க்கிறார். என்னையும் அவளையும் ரத்தச் சோகைக்குப் பார்த்தார், இருவருக்கும் ரத்தம் சரியாக இருக்கிறது என்றார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூளை வயசுக்குத் தகுந்த வளர்ச்சி இல்லைம்மா, கொஞ்சம் சுருங்கின மாதிரி தெரியுது" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதில் பாதி மண்டையில் ஏறவில்லை. பரம்பரைக் கோளாறாக இருக்கலாமாம். அதற்கான சோதனைக்கு ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். அப்படி ஏதாவது என்றால் மருந்து கிடையாது என்பதை அவர் வாய் சொல்லவில்லை, முகம் சொன்னது.

ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. "நீங்க பால், முட்டை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து என்னமோ எழுதினார். "ஆனா டாக்டர், இதைத் தினமும் சாப்பிடறேன்" என்று பாக்கெட்டையும் உன் அறிக்கையையும் எடுத்துக் கொடுத்தேன். முத்திரையைப் பார்த்தார், எண்களைப் படித்தார். "வைட்டமின் பி-12 தேவைக்கு மேல மூணு மடங்கு வருதே. சரி, அப்ப அது இல்ல" என்று எழுதிய வரியை அடித்துவிட்டார். அந்தக் கலவரத்திலும் உன்னை நினைத்து ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது.

நேற்று சாயங்காலம் முழுக்க அவள் கண்ணை அரைவாசி மூடியே வைத்திருந்தாள். மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விஷமா இல்லையா, சீக்கிரம் சொல்லு கண்ணாடி.

அண்ணி

*

பிப்ரவரி 10

அண்ணி,

விஷம் இல்லை! நான்கு தொட்டியிலும் இல்லை. செவ்வாய்க்கிழமை என்று சொன்னேன், தட்டுகள் இன்று காலையே வந்துவிட்டதால் மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுச் செய்தேன். மூன்றாம் தொட்டியில் அந்தக் கறுப்பு ஏட்டுப் பாசி கொஞ்சம் கலந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அது விஷம் கக்குகிற ஜாதி இல்லை. இருமுறை செய்து பார்த்தேன். உங்கள் பாலில் எதுவும் இறங்கவில்லை. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், நீங்கள் பாவம் இரண்டு மாதமாக அந்தப் பேயோடு குடித்தனம் நடத்தியிருக்கிறீர்கள்.

குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சல் வந்துபோனால் கொஞ்ச நாள் பின்னால் போவது உண்டு என்று இங்கே என்னோடு வேலை பார்க்கும் அக்கா சொல்கிறார். அவர் மூன்று பெற்றவர். அவருடைய நடுவுள்ளவன் ஒன்பது மாதம் வரை மூட்டை மாதிரிக் கிடந்துவிட்டு இப்போது சுவரேறிக் குதிக்கிறானாம். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நீங்கள் இனி தைரியமாகப் பாசி சாப்பிடலாம், மூன்றாம் தொட்டியை மட்டும் கழுவிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள்.

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. நாளை வரும் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் நான்கு நாள் விடுமுறை கேட்டிருக்கிறேன். கதவைத் திறப்பீர்களா, வாசலிலேயே நிறுத்துவீர்களா என்பதையும் அதில் எழுதுங்கள்.

கண்ணாடி

*

பிப்ரவரி 12

அண்ணி,

முதலில் இந்தப் பத்தியில் இருப்பதைச் செய்யுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "அந்த அறிக்கை தப்பு, பி-12 இல்லை" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இருவருக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு உடனே பி-12 ஊசி போடச் சொல்லுங்கள். ரத்த முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் கடிதம் இப்போதுதான் என் கைக்கு வந்தது. நம்பர் எழுத மறந்துவிட்டீர்கள். உங்கள் தெரு முனை மருந்துக்கடை உங்கள் பாக்கெட்டை வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தக் கடைக்குப் போன் செய்து கடைக்காரரிடம் கெஞ்சியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவர் உங்கள் கதவைத் தட்டியிருப்பார்.

இனி மீதி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் பாசியில் பி-12 எவ்வளவு என்று நான் கண்டுபிடித்த முறையைச் சொல்கிறேன். பி-12 இருந்தால்தான் வளரும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. பாசிச் சாற்றை அதற்குக் கொடுத்து, சோதனைக் குழாய் எவ்வளவு கலங்குகிறது என்று பார்ப்போம். அதிகம் கலங்கினால் பி-12 அதிகம் என்று அர்த்தம். உங்கள் பாசியில் குழாய் மோர் மாதிரிக் கலங்கியது. நானும் துள்ளிக் குதித்தேன். நீங்கள் எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தீர்கள்.

ஆனால் பாசியில் இருப்பது பெரும்பாலும் அசல் பி-12 இல்லை. அதே சாயலில் இருக்கிற போலி. மனித உடம்பு அதை வைத்து ஒரு வேலையும் செய்ய முடியாது. அந்த பாக்டீரியாவுக்கோ வெளுத்ததெல்லாம் பால். போலியைத் தின்றும் அது கொழுக்கும். நான் அதை நம்பி எண் போட்டேன். அசல் பால், முட்டை, கறியில்தான் இருக்கிறது, அது இல்லாமல் மூளையும் நரம்பும் வளராது. உங்கள் உடம்பில் சேமிப்பு தீர்ந்துவிட்டது. குழந்தைக்குப் பாலில் போவதற்கு ஒன்றுமில்லை. கர்ப்பத்தில் கொடுத்த ஃபோலிக் மாத்திரையை விடாமல் சாப்பிட்டீர்களா? அது ரத்தச் சோகையை மறைத்துவிடும், நரம்பு கெடுவதைத் தடுக்காது. உங்கள் பாதம் மரத்துப்போவது தொட்டித் தண்ணீரால் இல்லை.

டாக்டர் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார். என் முத்திரைதான் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. எனக்கு இது செப்டம்பரிலேயே தெரியும். ஒரு பயிற்சியில் இந்த விஷயத்தைச் சொன்னார்கள். திரும்பி வந்ததும் எடுத்து வைத்திருந்த உங்கள் பழைய பாசியைப் பெரிய இயந்திரத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். அது அசலையும் போலியையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் போலி. தாளை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். "இனிமே என் பாசியைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று நீங்கள் சொன்னது எனக்கு அன்றைக்கு வசதியாகப் போய்விட்டது. திறக்கக் கூடாது என்றவளிடம் நான் ஏன் வலியப் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். பாசியை மட்டும் நம்பி யார் இருக்கிறார்கள், எல்லோரும் பால் குடிக்கிறார்கள், முட்டை தின்கிறார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். போன வாரக் கடிதத்தில் சொல்ல வந்து, சம்பந்தமில்லை என்று எழுதினேனே, அது இதுதான்.

நேற்று முன்தினம் "தைரியமாகச் சாப்பிடலாம்" என்று வேறு எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கடிதம் வந்தால் படிக்காமல் கிழித்துவிடுங்கள்.

அண்ணி, இதற்கு மருந்து இருக்கிறது. அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடுங்கள்.

கண்ணாடி

*

பிப்ரவரி 14

மருந்துக்கடைக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். கையில் ஊசி மருந்துப் பெட்டி. "எதுக்குன்னு எனக்கு முழுசாப் புரியலம்மா, போன்ல அந்தப் பொண்ணு அழுதுகிட்டே இருந்துச்சு, நீங்க கிளம்புங்க" என்றார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. தன்னுடைய குறிப்பேட்டில், தான் அடித்த அந்த வரியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஊசி போட்டார். தொடையில். அவள் அழவில்லை. ஊசிக்குக்கூட அழாத குழந்தையை நீ பார்த்திருக்கிறாயா?

ரத்த முடிவு நேற்று வந்தது. அவளுக்கு அளக்கவே முடியாத அளவு குறைவு. எனக்கும் அப்படித்தான்.

இன்று காலையிலிருந்து அவளுக்கு நடுக்கம். கை, உதடு, நாக்கு எல்லாம் ஆடுகிறது. அவள் தூங்கினால் நிற்கிறது, விழித்தால் ஆரம்பித்துவிடுகிறது. மருந்து போட்ட பிறகு சில குழந்தைகளுக்கு இப்படி வந்து போகும் என்கிறார் டாக்டர். "போகுமா?" என்று கேட்டேன். "போகணும்" என்றார். போகும் என்பதற்கும் போகணும் என்பதற்கும் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மூளை திரும்ப வளருமா என்று கேட்டதற்கு, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பித்தோம் என்பதைப் பொறுத்தது என்றார்.

செப்டம்பரில் அவளுக்கு மூன்று மாதம். அப்போது அவள் கெட்டியாகத் தலை தூக்குவாள். நீ அன்றைக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் போதும்.

எனக்குக் கடிதம் எழுதாதே. மருந்துக்கடைக்காரரிடம் நம்பரும் வாங்காதே. உன் அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமை நானே சொல்கிறேன்.

*

பிப்ரவரி 17

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். ஒருமுறை பேசாதே என்றதைக் கேட்டுத்தான் இந்த நிலைக்கு வந்தோம். இந்த முறை கேட்க மாட்டேன். படிக்காவிட்டாலும் கடைசிப் பத்தியை மட்டும் பாருங்கள்.

சனிக்கிழமை தலைமை ஆய்வாளர் முன்னால் இழுப்பறைத் தாளை வைத்தேன். பழைய அறிக்கையை ரத்து செய்து எழுதிக் கொடுத்துவிட்டோம், நகல் உள்ளே இருக்கிறது. செப்டம்பரில் தெரிந்தும் மறைத்ததற்கு விளக்கம் கேட்டார். சண்டை என்றேன். "நாத்தனார் சண்டையா?" என்று அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. இருந்தாலும் எந்த முகத்தோடு இனி அந்த முத்திரையை எடுப்பேன் என்றும் தெரியவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தபால்காரர் வரும் நேரம் ஆனால் வாசலில் போய் நிற்கிறேன். உறை வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

நான் கேட்க நினைத்தது இதுதான். உங்கள் பாக்கெட்டை வாங்குகிறவர்களில் பால், முட்டை, கறி எதுவும் தொடாதவர்கள் யார்? அவர்களில் கர்ப்பிணி யார், கைக்குழந்தைக்காரி யார்? உங்களிடம் பேர் இருக்கும். அவர்கள் கையில் இருப்பது என் எண். தயவுசெய்து சொல்லுங்கள், இல்லையென்றால் பேர்களை எனக்கு அனுப்புங்கள், நான் ஒவ்வொரு வீடாகப் போகிறேன்.

கண்ணாடி

*

மார்ச் 8

கண்ணாடி,

நடுக்கம் பதினோராம் நாள் நின்றது. பதிமூன்றாம் நாள், நான் அவளைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றும்போது, என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். வலியில் கத்தினேன். என் சத்தத்துக்கு அவள் பயந்து அழுதாள், உரக்க, மூக்கு ஒழுக. நான் துண்டோடு அவளைக் கட்டிக்கொண்டு குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நேற்றிலிருந்து சிரிக்கிறாள். இன்னும் உட்காரவில்லை. தலை நிற்கிறது, உடம்பு சரிகிறது. ஆறு மாதம் போனால்தான் எது திரும்பும், எது திரும்பாது என்று தெரியுமாம். இப்போது தினமும் நான் கடவுளைக் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அது என்ன என்று உனக்கே தெரியும்.

உன் அண்ணன் பதினெட்டாம் தேதி வருகிறார். உன்னைப் பற்றி அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பிறகு, "ரெண்டு பேரும் என்ன பண்ணிட்டீங்க" என்றார். ரெண்டு பேரும் என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன செய்தேன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

உன் கடைசிப் பத்தியைப் படித்தேன். முப்பத்தொரு வீடு. தொட்டிகளை மூடிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் உருண்டையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீடாகப் போனேன். உன் ரத்துக் கடிதத்தை நகல் எடுத்துக் கொடுத்தேன். பலர் முட்டை தின்கிறவர்கள், "அதனால என்னம்மா" என்று விட்டுவிட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் கால் மரத்துப்போகிறது என்றார், அவரை டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் பாக்கெட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார். முப்பது வீடு முடிந்தது. மிச்சம் தையல்காரி. மூன்று முறை போனேன், கதவு பூட்டியிருந்தது.

அவளை உனக்குத் தெரியாது. என் ரவிக்கையைத் தைப்பவள். கர்ப்பமாக இருந்தபோது பாக்கெட் வாங்க ஆரம்பித்தாள். பால் பிடிக்கவில்லை, மாத்திரையும் குமட்டுகிறது என்று ஒரு நாள் அழுதாள். நான்தான் சொன்னேன். "பால் எதுக்கும்மா, என்னைப் பாரு, நான் தொட்டே ஆறு மாசம் ஆகுது" என்றேன். உன் அறிக்கையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நீ ஒரு எண்ணைத் தப்பாக எழுதினாய். நான் அதை ஒருத்தியின் வயிற்றுப் பிள்ளை வரை கொண்டுபோய் விட்டேன். உன்னைத் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் இந்தப் பத்து நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை அவள் கதவு திறந்திருந்தது. தாய் வீட்டுக்குப் போயிருந்தாளாம். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, பாசி கொண்டாந்தீங்களா? தீர்ந்து போய் ஒரு வாரம் ஆச்சு" என்றாள். தோளில் குழந்தை. ஐந்து மாதம். பையன். "ரொம்ப சமத்துக்கா, அழவே மாட்டான், போட்ட இடத்துல கிடப்பான்" என்று பெருமையாகச் சொன்னாள். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, "வா, நம்ம டாக்டர்கிட்ட ஒரு நடை போய்ட்டு வந்துடலாம்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். ஏதோ சத்து ஊசி என்று மழுப்பினேன். என் பேச்சை நம்பிக் கூடவே வந்துவிட்டாள். என் பேச்சை எப்போதும் நம்புகிறவள்.

இதை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் என் பக்கத்தில் இருக்கிறாள், எங்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். டாக்டர் வாயிலிருந்து கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். வாயெடுக்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறேன். நீ ஐந்து மாதம் எப்படிச் சொல்லாமல் இருந்தாய் என்று உன் மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு. நான் இங்கே வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது.

"யாருக்குக்கா இவ்வளவு நேரமா லெட்டர்?" என்று கேட்கிறாள். நாத்தனாருக்கு என்றேன். "என்ன எழுதறீங்க?" என்கிறாள்.

தாளை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். படித்து முடித்த பிறகு, அவள் விட்டால், உனக்கு அனுப்புகிறேன்.

அண்ணி